பறிப்பதற்கும் ஒரு முறை உண்டு: வெள்ளை சேஜ் செடியின் சடங்கும் சந்தையும்

ஒரு சாண் நீளத்தில், பருத்தி நூலால் இறுக்கிச் சுற்றிய, சாம்பல் பூத்தாற்போல் வெளிறிய இலைக்கட்டு அது. யோகா கூடங்களிலும் படிகக் கற்கள் விற்கும் கடைகளிலும் இணையச் சந்தையிலும் சில டாலருக்குக் கிடைக்கிறது. நுனியில் நெருப்பு வைத்துச் சுடரை அணைத்துவிட்டு, எழும் புகையை வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் காட்டினால் கெட்டது விலகும் என்பது வாங்குபவர்களின் நம்பிக்கை. பெர்லினிலும் சிட்னியிலும் எரியும் இந்த இலை இயற்கையாக விளைவதோ ஒரே ஒரு நிலப்பரப்பில்தான்: கலிஃபோர்னியாவின் தென்பகுதியும், அதை ஒட்டி மெக்சிகோவுக்குள் கிடக்கும் பாஹா கலிஃபோர்னியாவின் வடமேற்கும். அங்கே வாழும் பூர்வகுடிகள் இச்செடியை உறவாக நடத்துபவர்கள். அதைப் பறிப்பதற்கென்றே ஒரு முறை வைத்திருப்பவர்கள். இது பற்றிய விவாதம் பெரும்பாலும், வெளியார் இந்தப் புகையைப் போடலாமா கூடாதா என்பதிலேயே நின்றுவிடுகிறது. முக்கியமான கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இலையைப் பறித்தது யார், எவ்வளவு, எப்படி, யாருக்காக? சடங்கின் பெரும்பகுதி, இலை செடியை விட்டு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் விற்கும்போது, விற்கப்படுவது அந்தச் சடங்கே அல்ல.

செடியிலிருந்தே தொடங்கலாம். சால்வியா ஏப்பியானா என்பது தாவரவியல் பெயர். நம் துளசியும் தும்பையும் சேர்ந்த அதே குடும்பத்துப் புதர். கடலோரக் குன்றுகளின் வறண்ட சரிவுகளில் இடுப்பளவுக்கோ நெஞ்சளவுக்கோ வளரும். பூக்கும் காலத்தில் அதற்கும் மேலே நீண்ட தண்டுகளை நீட்டி, தச்சு வண்டுகளையும் பெருந்தேனீக்களையும் அழைக்கும். இலையெங்கும் நுண்ணிய வெண்மயிர் அடர்ந்திருப்பதால்தான் அந்த வெளிறல். கோடை வெயிலைத் திருப்பி அனுப்பி, உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பது அந்த மயிர்ப்போர்வைதான். விரலிடுக்கில் கசக்கினால் நீலகிரித் தைலத்தின் நெடி ஏறும். இரண்டிலும் முதன்மையான பொருள் சினியோல்தான் என்பதால் அதில் வியப்பில்லை. அங்குள்ள பூர்வகுடிகளில் ஒன்றான காவீயா மக்களின் தாவர அறிவைப் பற்றி லோவெல் ஜான் பீன், அந்த இனத்து அறிஞர் கேத்தரின் சிவா சோபெல் இருவரும் சேர்ந்து எழுதி 1972இல் வெளிவந்த 'தெமல்பாக்' என்ற நூலைப் பார்த்தால், இச்செடி முதலில் சமையலறைக்கும் மருந்துப் பைக்கும் உரியதாக இருந்தது தெரிகிறது. விதையை அடித்து உதிர்த்து, மாவாக்கி, கஞ்சியாகக் குடித்தார்கள். இலையைத் தண்ணீரில் கசக்கித் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். சளிக்கு மென்றார்கள், புகைத்தார்கள், வியர்வைக் குடிலில் ஆவி பிடித்தார்கள். வேட்டைக்குப் போகிறவன் தன் உடல் வாடையை மறைக்க அக்குளில் வைத்துக்கொண்டான். உணவு, மருந்து, வேட்டை, வழிபாடு என்று தனித்தனி அறைகள் அங்கே இல்லை. புகை போடுதல் என்பது இந்த முழு உறவின் ஒரு கிளை மட்டுமே.

பறிக்கும் முறை குடிக்குக் குடி, ஏன், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆனால் அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் பொதுவெளியில் சொல்லியிருப்பவற்றில் சில அம்சங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. செடியின் முன் நின்று, வந்திருப்பவர் யார், எதற்காக எடுக்கிறார் என்று சொல்வது. அனுமதி கேட்பது. எடுப்பதற்கு முன் ஒன்றைக் கொடுப்பது: ஒரு சிட்டிகைப் புகையிலை, கொஞ்சம் தண்ணீர், ஒரு பாட்டு. வேரையும் கட்டைத் தண்டையும் தொடாமல் இலையையோ இளநுனியையோ மட்டும் எடுப்பது, அதையும் ஒரே செடியில் மொட்டையடிக்காமல் பலவற்றிலிருந்து எடுப்பது. கடைசியாக, எடுத்ததை விற்காமல் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பது. எரிக்கும்போதுகூட, அபலோன் என்னும் கடற்சிப்பி ஓட்டிலோ மண் கலத்திலோ ஓரிரு உதிரி இலைகள் போதும் என்கிறார்கள் கலிஃபோர்னியப் பூர்வகுடியினர் பலர். நூல் சுற்றிய தடிமனான கட்டு கடைக்காக வந்த வடிவம் என்பது அவர்கள் கருத்து. ஒரு கட்டுக்குள் போகும் இலை ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் வரும் என்று யோசித்தால், வடிவ மாற்றம் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்பது புரியும். மூலிகையைப் பிடுங்குவதற்கு முன் காப்புக் கட்டிச் சாபநிவர்த்தி செய்யச் சொல்லும் சித்த மருத்துவ மரபை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இந்தப் பறிக்கும் முறையால் செடிக்கு என்ன லாபம்? நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஆனால் அது சேஜைப் பற்றியதல்ல, வடகிழக்கு அமெரிக்காவில் கூடை முடைவதற்கும் சடங்குக்கும் பயன்படும் ஸ்வீட்கிராஸ் என்னும் நறுமணப் புல்லைப் பற்றியது. பொட்டாவாட்டமி இனத்தவரும் தாவரவியல் பேராசிரியருமான ராபின் வால் கிம்மரர், 2013இல் வந்த 'பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்' நூலில் அதை விரிவாகச் சொல்கிறார். கூடை முடைபவர்களில் ஒரு சாரார் புல்லை ஒவ்வொன்றாக அடியில் கிள்ளி எடுப்பார்கள். இன்னொரு சாரார் கொத்தாகப் பிடுங்குவார்கள். எது சரி என்பதில் இரு சாராருக்கும் ஒத்த கருத்து இல்லை. பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. கிம்மரரின் மாணவி ஒருவர் பாத்திகளைப் பிரித்து, சிலவற்றில் முதல் முறையிலும் சிலவற்றில் இரண்டாம் முறையிலும் பாதிப் புல்லை எடுத்தார். சிலவற்றைத் தொடாமலே விட்டார். பறித்தால் செடி குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் சோதிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் ஆய்வுக் குழுவின் பேராசிரியர்கள் கேட்டார்களாம். முடிவு அவர்கள் நினைத்ததற்கு நேர்மாறு. பறித்த பாத்திகள், எந்த முறையில் பறித்திருந்தாலும், செழித்தன. யாரும் தொடாத பாத்திகளில்தான் புல் நலிந்தது. பழைய புல் அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் புதுத் தளிருக்கு வெளிச்சமும் இடமும் கிடைப்பதில்லை.

இதை அப்படியே சேஜுக்குப் பொருத்த முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்வீட்கிராஸ் மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு விட்டுப் பரவும் புல். வெள்ளை சேஜ் கட்டையுள்ள புதர். புல்லைப் பாதி எடுப்பதும் புதரைப் பாதி வெட்டுவதும் ஒன்றல்ல. ஆயினும் புதருக்கும் அதற்கே உரிய கணக்கு உண்டு. நுனி கிள்ளினால் பக்கக் கிளை விடும். காட்டுத்தீக்குப் பிறகு அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் அடியோடு அறுத்தாலோ வேரோடு பெயர்த்தாலோ அந்தச் செடி போயிற்று. பூத்தண்டை எடுத்தால் அந்த ஆண்டின் விதையும் போகும், தேனீயின் தீனியும் போகும். கலிஃபோர்னியாவைப் பற்றி எம். கேட் ஆண்டர்சன் 2005இல் எழுதிய 'டெண்டிங் தி வைல்ட்', அங்கே ஐரோப்பியர் 'தீண்டப்படாத காடு' என்று கண்டது உண்மையில் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளி, கழித்து, விதைத்து, காலமறிந்து தீ வைத்து வளர்க்கப்பட்ட நிலம் என்று ஏராளமான சான்றுகளுடன் காட்டுகிறது. அந்தத் தீயை நிறுத்தச் சொல்லி ஸ்பானிய ஆளுநர் அரியாகா 1793இலேயே ஆணையிட்டார். 1850இல் கலிஃபோர்னிய மாநிலத்தின் முதல் 'இந்தியர் பாதுகாப்பு'ச் சட்டமும் புல்வெளிக்குத் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. அதே சட்டம்தான் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக் கொடுக்கவும் வழி செய்தது. பெயரைப் பார்த்துச் சட்டத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று காத்திருக்கிறது. ஷெப்பர்ட் கிரெக் 1999இல் எழுதிய 'தி எக்கலாஜிகல் இந்தியன்' என்ற நூல், பூர்வகுடிகள் எல்லோரும் பிறவியிலேயே இயற்கைக் காவலர்கள் என்ற பிம்பத்தை உடைக்கிறது. தோல் வணிகக் காலத்தில் பீவரையும் மானையும் அவர்களே அளவின்றி வேட்டையாடியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதைவிடக் கூர்மையான ஒரு வாதமும் அதில் உண்டு: உரிய சடங்கைச் செய்தால் கொன்ற விலங்கு திரும்பி வரும் என்ற நம்பிக்கையே, எத்தனை கொன்றாலும் குறையாது என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்திருக்கலாம். அதாவது வேண்டுதல் கையைக் கட்டவில்லை, அவிழ்த்துவிட்டது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வேண்டுதல் தன்னளவில் எந்தச் செடியையும் காக்காது என்பதை இது நிறுவுகிறது. நான் அதை ஏற்கிறேன். ஆனால் கிரெக்கின் சான்றுகளில் மிக உறுதியானவை எந்தக் காலத்தவை என்று பாருங்கள். ஐரோப்பாவில் தொப்பி செய்யப் பீவர் தோலும், கையுறை செய்ய மான் தோலும் கேட்ட காலம். துப்பாக்கியும் சாராயமும் கம்பளியும் பண்டமாற்றாக வந்த காலம். தன் ஊரின் வயிற்றுக்கு ஒரு வரம்பு உண்டு. கடல் கடந்த சந்தையின் வயிற்றுக்கு அது இல்லை. எல்லாச் சான்றுகளும் அந்தக் காலத்தவை அல்ல என்றாலும், மீதி மரபிலிருந்து எந்த இழை அறுந்தபோது வீழ்ச்சி வேகம் பிடித்தது என்பது தெளிவு. விற்கக் கூடாது என்ற இழைதான் அது. மேலும் செடி, விலங்கைப் போல் எங்கோ போய்த் திரும்பி வருவதில்லை. போன வருடம் கிள்ளிய அதே புதரிடம்தான் இந்த வருடமும் போய் நிற்க வேண்டும். அதிகம் எடுத்திருந்தால் அது கண்முன்னே நிற்கும்.

அப்படியானால் அளவு மட்டும் போதுமே, வேண்டுதல் எதற்கு என்று ஒரு பகுத்தறிவாளர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். யாரும் கண்காணிக்காத மலைச்சரிவில், கையில் கத்தியுடன் தனியாக நிற்கும் ஒருவரை எது நிறுத்தும் என்பதே பதிலின் தொடக்கம். பாதிக்கு மேல் எடுக்காதே என்பது ஓர் எண். எதற்காக, யாருக்காக என்று வாய்விட்டுச் சொல்லச் செய்வது அந்த எண்ணுக்கு ஓர் ஆளையும் ஒரு காரணத்தையும் கட்டிவிடுகிறது. நோயுற்ற அத்தைக்காக என்று சொன்னவர் மூட்டை கட்ட முடியாது. முன்கூட்டியே எதையாவது கொடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு செலவு இருக்கிறது; செடிக்குச் செடி நகர வேண்டும் என்பதால் வேகம் குறைகிறது. இவற்றைத் தெய்வ நம்பிக்கை இல்லாதவரும் புரிந்துகொள்ள முடியும். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதற்கு மேலும் பொருள் உண்டு. செடி ஓர் ஆள், ஆளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதை வெளியிலிருந்து நிரூபிக்கவோ மறுக்கவோ நான் முயலவில்லை. அந்த நம்பிக்கையின் செயல்வடிவம் ஒரு வரம்பாக வேலை செய்கிறது என்பதே என் வாதத்துக்குப் போதும்.

சந்தை வந்தபோது என்ன நடந்தது என்பதைச் சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் காணலாம். ராஞ்சோ குக்கமோங்கா நகரை ஒட்டி நார்த் எட்டிவாண்டா காப்புநிலம் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஏக்கர். 2018 ஜூனில் அங்கே நால்வர் சட்டவிரோதமாக வெள்ளை சேஜ் வெட்டியதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். பிடிபட்ட இலை 400 பவுண்டு, அதாவது 180 கிலோவுக்கும் மேல். ஒரு சேஜ் இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எடையே தெரியாது. அதில் 180 கிலோ என்றால் எத்தனை புதர்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். லாபம் இடையில் இருப்பவர்களுக்கும் கடைக்கும் போகிறது. கலிஃபோர்னியப் பூர்விகத் தாவரச் சங்கம் 2022இல் பூர்வகுடிக் குரல்களுடன் வெளியிட்ட 'சேஜிங் தி வேர்ல்ட்' ஆவணப்படம் இந்தத் திருட்டையே மையமாகக் கொண்டது. சந்தைக்கு வரும் வெள்ளை சேஜில் பெரும்பகுதி காட்டிலிருந்து களவாடப்பட்டது என்பது அச்சங்கத்தின் நிலைப்பாடு. அதே 2018இல்தான் ஒரு வாசனைத் திரவிய நிறுவனம் தயாரித்து செஃபோரா அழகுசாதனக் கடைகளில் விற்கவிருந்த 'தொடக்கநிலை மந்திரவாதிப் பெட்டி', பூர்வகுடிகளும் வேறு சிலரும் எதிர்த்ததால் கடைக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது. அதற்குள் வாசனைத் திரவியம், சீட்டுக்கட்டு, ஒரு ரோஜா நிறப் படிகம், கூடவே ஒரு சேஜ் கட்டு. விலை 42 டாலர். வெள்ளை சேஜ் இன்றுவரை அழியும் இனங்களின் அரசுப் பட்டியலில் இல்லை என்பதைச் சிலர் சுட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அது வளரும் கடலோரக் குன்றுகளின் பெரும்பகுதி ஏற்கெனவே வீடுகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டது. எஞ்சிய துண்டு நிலங்களில் மூட்டை மூட்டையாக வெட்டுவதைப் பட்டியல் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. இன்று நாம் காணும் வடிவில் புகை போடுவது கலிஃபோர்னியாவின் தொன்மையான வழக்கமா? பழைய இனவரைவியல் பதிவுகளில் வெள்ளை சேஜின் உணவு, மருந்துப் பயன்களே விரிவாக உள்ளன. வட அமெரிக்கப் பெருஞ்சமவெளிக் குடிகள் புகைக்குப் பயன்படுத்துவது ஆர்ட்டெமீசியா வகையைச் சேர்ந்த வேறொரு செடி. தாவரவியல்படி இதற்கும் அதற்கும் உறவில்லை. 1960களின் இறுதியில் பல குடிகளும் நகரங்களில் ஒன்றுசேர்ந்து உரிமை கேட்டபோது, ஒருவர் வழக்கம் மற்றவரிடம் பரவியது. ஆகவே இதுவும் ஒரு வகையில் புதியதுதானே, வெளியார் எடுத்துக்கொண்டால் என்ன என்கிறார்கள். மரபு புதிதாகச் செழித்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் ஏன் வாடிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1883இல் அமெரிக்க உள்துறை கொண்டுவந்த 'இந்தியக் குற்றங்கள்' விதித்தொகுப்பு, சடங்கு நடனங்களையும் மருத்துவப் பூசாரிகளின் செயல்களையும் தண்டனைக்குரியவை ஆக்கியது. உணவுப் பங்கீட்டை நிறுத்தலாம், சிறையில் அடைக்கலாம். அந்தத் தடை 1934இல்தான் தளர்ந்தது. சமய உரிமையைக் கொள்கையாக அறிவிக்கும் சட்டம் வர 1978 ஆயிற்று. அரை நூற்றாண்டு தடியால் அடித்துவிட்டு, பழைமைக்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது நியாயமாகாது. தவிர, என் வாதம் தொன்மையின் மேல் நிற்கவில்லை. கேட்டு எடு, குறைவாக எடு, விற்காதே என்ற கடமை பத்தாயிரம் ஆண்டுப் பழையதாக இருந்தாலும் ஐம்பது ஆண்டுப் பழையதாக இருந்தாலும், அதைக் கடைப்பிடிப்பவருக்கும் மீறுபவருக்கும் உள்ள வேறுபாடு மாறப்போவதில்லை. சடங்குகளை விற்பதற்கு எதிராக லக்கோட்டா மக்கள் 1993 ஜூனில் வெளியிட்ட பிரகடனத்திலும் விற்பனையின் மேலான சினம் வெளிப்படையாகத் தெரிகிறது.

அறிவியலின் பெயரால் சொல்லப்படும் ஒரு நியாயத்தையும் இங்கே பார்த்துவிடலாம். அதற்கு நம் நாட்டோடு ஒரு விசித்திரமான தொடர்பு இருக்கிறது. சேஜ் புகை காற்றிலுள்ள கிருமிகளில் 94 சதவீதத்தை அழிக்கிறது என்று ஆய்வு சொல்கிறதாம்; விற்பனைத் தளங்களில் இது அடிக்கடி கண்ணில் படும். அந்த ஆய்வு 2007இல் 'ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி' இதழில் வந்தது. செய்தவர்கள் இந்திய அறிவியலாளர்கள். அவர்கள் ஒரு மூடிய அறையில் ஒரு மணி நேரம் எரித்தவை மரக்கட்டையும் பல மூலிகைகள் சேர்ந்த ஓமப் பொருள்களும். வெள்ளை சேஜ் அதில் சோதிக்கப்படவே இல்லை. வடஇந்திய ஓமகுண்டத்தின் புகையை வைத்துக் கலிஃபோர்னியப் புதருக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறது சந்தை. புகைக்கு மட்டும் தனியே ஒரு சக்தி இருந்தாக வேண்டும் என்ற அவசரம் இதில் தெரிகிறது. பறித்த விதத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லாதபோது, பொருளின் ரசாயனத்தில்தானே மதிப்பைத் தேட முடியும்?

காட்டில் வெட்டாமல் வயலில் பயிரிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? காட்டுக்குத் தீர்ந்தது, அந்த அளவுக்கு அதை வரவேற்கத்தான் வேண்டும். விதையிலிருந்தும் போத்திலிருந்தும் இச்செடியை வளர்க்கலாம். ஆனால் பயிரிட்டது என்று உறையில் எழுதியிருப்பதை வாங்குபவர் சரிபார்க்க வழியில்லை. களவாடிய இலையும் அதே உறைக்குள் வரும். உள்ளூர்ப் பூர்வகுடியினர் பலரும் வெளியாருக்குச் சொல்லும் யோசனை இதைவிட எளிது. விருப்பமிருந்தால் நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் முன்னோர் கையாண்ட செடி எதுவோ அதைக் கையாளுங்கள். இதில் தடை ஒன்றும் இல்லை. தான் நட்டுத் தண்ணீர் ஊற்றிய செடியை யாரும் அடியோடு அறுப்பதில்லை என்ற நடைமுறை அறிவு மட்டும் இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் காட்சி இன்னும் சிக்கலானது. கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் 384ஏ பிரிவு, நிலத்துக்குரியவரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் செடிகளை வெட்டி எடுப்பதைக் குற்றமாக்குகிறது. கொள்ளையைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அந்த நிலங்கள் யாருடையவையாக இருந்தன? 1851, 1852 ஆண்டுகளில் கலிஃபோர்னியக் குடிகளோடு செய்துகொண்ட 18 ஒப்பந்தங்களை அமெரிக்க செனட் ரகசிய அமர்வில் நிராகரித்தது. அந்தத் தாள்கள் 1905 வரை முத்திரையிட்டுப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. வாக்களித்த நிலமும் வரவில்லை, இருந்த நிலமும் போயிற்று. அதன் தொடர்விளைவாக லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் டோங்வா, ஆரஞ்சு கவுண்டியின் அஹாச்சமென் போன்ற மக்களுக்கு இன்றும் மத்திய அரசின் அங்கீகாரம் இல்லை. சூமாஷ் மக்களிலும் சாண்டா இனெஸ் பிரிவினருக்கு மட்டுமே உண்டு. தேசியப் பூங்காத் துறை 2016இல் ஒரு விதியை வகுத்து, பூங்காக்களுக்குள் மரபுவழிப் பயன்பாட்டுக்காகச் செடிகளைச் சேகரிக்க ஒப்பந்த அடிப்படையில் இடம் கொடுத்தது. விற்பனைக்கு அனுமதி இல்லை என்பதையும் அதிலேயே எழுதியது. பறிக்கும் மரபின் மைய விதியை ஒரு கூட்டாட்சித் துறை தன் மொழியில் ஏற்றுக்கொண்ட அரிய சந்தர்ப்பம் அது. ஆனால் விண்ணப்பிக்கும் தகுதி மத்திய அரசு அங்கீகரித்த குடிகளுக்கு மட்டும். வெள்ளை சேஜ் வளரும் சாண்டா மோனிக்கா மலைகளின் ஒரு பகுதி தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அம்மலைகளைத் தாயகமாகக் கொண்ட டோங்வா மக்களும், சூமாஷ் மக்களில் பெரும்பாலோரும் அந்த விதியின் கீழ் ஒரு பிடி இலைக்கு விண்ணப்பிக்க இயலாது. அனுமதி கேட்டுப் பறிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கே அனுமதி கேட்க இடமில்லாத இந்த நிலையைச் சரிசெய்வது, கடைகளில் சேஜ் கட்டை யார் வாங்கலாம் என்று தீர்ப்பு எழுதுவதைவிட அவசரமானது. விதியில் தகுதி வரையறையைத் திருத்தினாலே போதும். புதிதாக ஒரு சட்டம்கூடத் தேவைப்படாது.